உள்குத்து முகத்தில் இல்லை

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா மகன் வீட்டுக் கிரகப்பிரவேசப் படங்கள் வந்து குவிந்தன. இவர்களுக்கு அழைப்பு இல்லை. வடிவேலு வாயை மூடிக்கொண்டு நேரே பார்க்கும் ஒரு படத்தை எடுத்து, "ரொம்ப சந்தோஷம். நல்லா இருங்க." என்று கேப்ஷன் எழுதிக் குழுவில் போட்டுவிட்டார். பெரியம்மா சிவப்பு இதயம் வைத்து "நன்றிடா கண்ணு" என்றார். அண்ணியோ மூன்று வாரமாகப் பேசவில்லை. ஒரே படம், ஒரே வரி. ஒருவருக்கு வாழ்த்தாகவும் இன்னொருவருக்குக் குத்தாகவும் படுவது எப்படி என்பது அவர் கேள்வி.

மீம் போடுகிறவர்கள் இதற்கு 'உள்குத்து' என்று பொருத்தமான பெயர் வைத்திருக்கிறார்கள். வார்த்தையில் குறை இருக்காது, முகத்திலும் கோபம் தெரியாது. பிறகு எங்கிருந்து வலிக்கிறது?

2012இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது. ஹில்லெல் அவியேசர், யாகோவ் ட்ரோப், அலெக்சாண்டர் டோடரோவ் ஆகிய மூவரும் டென்னிஸ் வீரர்களின் படங்களை எடுத்துக்கொண்டார்கள். முக்கியமான ஒரு புள்ளியை வென்ற நொடியிலும் இழந்த நொடியிலும் எடுத்த படங்கள். முகத்தை மட்டும் வெட்டிக் காட்டியபோது வென்றவர் யார், தோற்றவர் யார் என்று பார்த்தவர்களால் பிரிக்க முடியவில்லை. உடலை மட்டும் காட்டியபோது சரியாகச் சொன்னார்கள். அடுத்து, வென்றவரின் முகத்தைத் தோற்றவரின் உடலில் ஒட்டிக் காட்டினார்கள். அந்த முகம் உடனே தோல்வி முகமாகத் தெரிந்தது. ஆனால் எது காட்டிக்கொடுக்கும் என்று கேட்டால், பெரும்பாலோர் முகத்தைத்தான் சொன்னார்கள். உடலிலிருந்து எடுத்ததை முகத்தில் கண்டதாக மனம் கணக்கு எழுதிவிடுகிறது.

சாம்பார் இட்லியை நினைத்துக்கொள்ளுங்கள். இட்லிக்கென்று பெரிய ருசி கிடையாது. சாம்பாரில் ஊறி அதன் ருசியை வாங்கிக்கொள்கிறது. சாப்பிட்டு எழுந்தவர் "இட்லி பிரமாதம்" என்பார், வேலை செய்தது சாம்பார் என்றாலும். மீமில் முகம் இட்லி, கேப்ஷன் சாம்பார். வாய்விட்டு அழும் முகமும் பல்லைக் காட்டிச் சிரிக்கும் முகமும் காஞ்சிபுரம் இட்லி மாதிரி. மிளகும் சுக்கும் சீரகமும் உள்ளேயே இருப்பதால் எதை ஊற்றினாலும் தன் ருசியை எளிதில் விடாது. அதனால்தான் நல்ல உள்குத்துக்கு வெறுமையான முகத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

இந்த இடத்தில் சோவியத் இயக்குநர் குலெஷோவை எல்லாரும் இழுப்பார்கள். ஒரே நடிகரின் முகத்தைச் சூப் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் வெட்டி ஒட்டியபோது, பசி என்றும் துக்கம் என்றும் பார்த்தவர்கள் உருகினார்கள் என்பது கதை. அந்தப் படம் இன்று இல்லை. 1992இல் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை. பின்னால் வந்த, கட்டுப்பாடான ஆய்வுகளில் கிடைத்தது. ஆகவே விளைவு உண்டு, ஆனால் கதையில் வருகிற அளவுக்கு இல்லை. முகத்தைப் படம் பிடித்தே மனதைப் படித்துவிடும் என்று விற்கப்படும் மென்பொருள்களை நான் நம்பாததற்கும் டென்னிஸ் படங்களே காரணம். முகத்தில் இல்லாததை எந்த கேமராவாலும் எடுக்க முடியாது.

உள்குத்தின் வரலாறும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உத்தரவை மறுக்காமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலையை இழுத்தடித்த சிப்பாய்களை விவரிக்க அமெரிக்க ராணுவ மனநல மருத்துவர் வில்லியம் மெனிங்கர் 1945இல் 'பாஸிவ் அக்ரெஸிவ்' (கோபத்தை மறைமுகமாகக் காட்டுவது) என்ற பெயரைக் கொண்டுவந்தார். 'மீம்' 1976இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் உருவாக்கிய சொல். பெயர்கள்தான் புதியவை. அரசன் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்த ஔவையார், இங்கே எல்லாம் நெய் பூசிப் பீலி அணிந்து அழகாக இருக்கின்றன, எங்கள் அரசன் அதியமானுடையவை போரில் நுனி ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. காட்சி அரசனுடையது, கேப்ஷன் ஔவையுடையது.

எழுதியவர் நினைத்தது போய்ச் சேருமா என்பது அடுத்த கேள்வி. 2005இல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்ளி குழுவினர் கிண்டலான வரிகளையும் நேரான வரிகளையும் மின்னஞ்சலில் அனுப்ப வைத்தார்கள். 78 சதவீதம் புரிந்துவிடும் என்று அனுப்பியவர்கள் எண்ணினார்கள். புரிந்தது 56 சதவீதம். நாணயம் சுண்டினாலே 50 கிடைக்கும். இதற்கு முன்பே, 1990இல், எலிசபெத் நியூட்டன் என்ற மாணவி பிரபலமான பாட்டுகளின் தாளத்தை மேஜையில் தட்டச் சொல்லிச் சோதித்தார். கேட்பவர்கள் பாதியாவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். 120 பாட்டில் பிடிபட்டவை 3. தட்டுகிறவர் தலைக்குள் முழுப் பாட்டும் ஓடுகிறது, கேட்கிறவருக்கு வெறும் டொக் டொக்.

வாசகியின் தலைக்குள்ளும் அந்த வரி ஓர் இழுப்போடு ஒலித்திருக்கும். பெரியம்மாவின் திரையில் அந்த இழுப்பு இல்லை. யார் யாரை அழைத்தார்கள் என்ற கணக்கும் அவருக்குத் தெரிந்திருக்காது. அண்ணிக்குத் தெரியும், பட்டியல் போட்டவர் அவரே என்றால். அண்ணியின் இட்லியில் சாம்பாரை ஊற்றியது வாசகி அல்ல, அழைக்காமல் விட்டோமே என்ற அவருடைய நினைவு. வரி முடிவில் வைத்த முற்றுப்புள்ளியையும் சிலர் குற்றம் சொல்வார்கள். புள்ளி வைத்த ஒற்றைச் சொல் பதில்கள் மனப்பூர்வமற்றவையாகத் தோன்றின என்று 2015இல் பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சொன்னது உண்மைதான். அது 126 அமெரிக்க மாணவர்கள், ஆங்கிலக் குறுஞ்செய்திகள். தமிழ்க் குடும்பக் குழுவுக்கு அதை அப்படியே பொருத்த மாட்டேன். நம் மொழியில் அதைவிடக் கூர்மையான கருவி மரியாதை விகுதி. 'வா, போ' என்று பழகியவர் திடீரென்று 'வாங்க' என்றால் குத்த வேறு எதுவும் தேவையில்லை.

க்ரூகர் ஆய்வில் இன்னோர் எண்ணும் உண்டு. அதே வரிகளைக் குரலில் சொன்னபோது ஏறக்குறைய நான்கில் மூன்று சரியாகப் போய்ச் சேர்ந்தது. ஆகவே வாசகியிடம் ஒரு வேண்டுகோள்: அண்ணிக்கு இன்னொரு மீம் வேண்டாம். போன் போட்டு, "எங்களைக் கூப்பிடலையே அண்ணி, வருத்தமா இருந்துச்சு" என்று சொல்லிவிடுங்கள்.