வறட்சிக்கும் உப்புக்கும் ஒரே நெல்லா?

கரோல்பாக் பக்கம் போகும் தில்லித் தமிழர்கள் அனைவருக்கும் பூசா பழக்கமான பெயர். (1934 பூகம்பத்தில் இடிந்து, 1936-ல் பீகாரிலிருந்து இங்கே வந்தபோது பெயரையும் கொண்டுவந்துவிட்டது!) அங்குள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1’ என்ற நெல் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது. வறட்சி, உப்பு இரண்டையும் தாங்குமாம். “தண்ணீர் இல்லாததற்கும் உப்புக்கும் ஒரே மருந்தா?” என்று ஊரில் நிலம் வைத்திருக்கும் நண்பர்கள் என்னைக் கேட்டார்கள். நியாயமான சந்தேகம்தான்.

ஊறுகாய் போடுகிறவர்களுக்கு விடை தெரியும். மாங்காய்த் துண்டுகளில் உப்பைப் பிசறி வைத்தால் மறுநாள் ஜாடியில் நீர் விட்டிருக்கும். உப்பு மிகுந்த பக்கம் தண்ணீர் போகும். உப்பு மண்ணில் நிற்கும் பயிருக்கும் அதே கதி. காலடியில் ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடிவதில்லை. வேருக்கு உப்பும் ஒரு வறட்சியே.

உடனே பயிர் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது தூங்கிக் கிடக்கும் பல மரபணுக்களை எழுப்புகிறது. நீராவி வெளியேறும் இலைத்துளைகளை மூடச் செய்கிறது. ஆனால் துளை மூடினால் கரியமில வாயுவும் உள்ளே வராது, பயிர் பட்டினி! ஆகவே துளைகளைத் திறந்து வைக்கும் மரபணுக்களும் உண்டு. 2009-ல் சீன விஞ்ஞானிகள் நெல்லில் கண்டறிந்த டி.எஸ்.டி. அப்படி ஒன்று. அது செயலிழந்தால் துளையைக் காக்கும் செல்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ந்து துளைகள் மூடிக்கொள்கின்றன; துளைகளின் அடர்த்தியும் குறைகிறது. ஆந்திரத்தின் எம்.டி.யு. 1010 நெல்லில் இந்த மரபணுவைத்தான் பூசாவில் ‘கிரிஸ்பர்’ முறையில் திருத்தினார்கள்.

இதனால் உப்புத் தொல்லை முழுவதும் தீர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். சோடியம் இலையில் சேர்ந்து நஞ்சாவது தனிக் கதை. அதற்கு வங்காளத்தின் ‘நோனா போக்ரா’ நெல்லிடம் வேறு வித்தை இருக்கிறது. 2005-ல் அதில் கண்டறியப்பட்ட ஒரு மரபணு, மேலே ஏறும் நீரிலிருந்து சோடியத்தை வழியிலேயே பிரித்து எடுத்து, இலைக்குப் போகவிடாமல் தடுக்கிறது.

விதையைத் தேடுமுன் மண்ணைப் பரிசோதிக்கும்படி நண்பர்களிடம் சொன்னேன். உவர் நிலமானால் நல்ல நீரைத் தேக்கி வடித்து உப்பைக் கழுவலாம். களர் நிலத்துக்கு அது போதாது, ஜிப்சமும் இடவேண்டும்.