ஊருக்கே திரும்பும் முன் குடும்பத்துக்கு ஒரு துபாய் டிரிப்: எப்போது கூட்டிப் போகலாம், எதில் கவனம் தேவை?

கடலாடி, சாயல்குடி, முதுகுளத்தூர் பக்கம் வானம் பார்த்த பூமி. மானாவாரி மிளகாய், கருவேலங்கரி, கடல் தொழில் ஆகியவற்றைத் தாண்டிக் கைகொடுப்பது வெளிநாட்டுச் சம்பளம்தான். அதனாலேயே பல வீடுகளுக்கு துபாய் என்பது செல்போனுக்குள் இருக்கும் ஊர். வீடியோ காலில் அப்பாவுக்குப் பின்னால் தெரியும் அடுக்குக் கட்டிலும் கொடியில் காயும் சட்டையும்தான் பிள்ளைகள் பார்த்த துபாய்.

‘போதும், ஊருக்கே வந்துடுறேன்’ என்று அவர் சொன்னதும் வீட்டில் இருந்து ஒரு கோரிக்கை வரும்: ‘அதுக்கு முன்னாடி ஒரு தடவை எங்களையும் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்களேன்.’

நியாயமான ஆசைதான். ஆனால், எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

எப்போது கூட்டிப் போவது?

வேலையும் விசாவும் கையில் இருக்கும்போதே. ஆண்டு விடுமுறையிலோ நோட்டீஸ் காலத்திலோ டிரிப்பை முடித்துவிடுவது நல்லது. விசாவை ரத்து செய்த பிறகு நாட்டைவிட்டுக் கிளம்பக் கெடு ஓடத் தொடங்கிவிடும். அதைத் தாண்டித் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம்.

குடும்பத்துக்கு என்னென்ன தேவை?

டிராவல்ஸ் அல்லது விமான நிறுவனம் வழியாக 30 நாள், 60 நாள் டூரிஸ்ட் விசா எடுக்கலாம். பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பி வரும் டிக்கெட்டும், தங்கும் இடத்துக்கான ஆதாரமும் கட்டாயம் கையில் இருக்கட்டும். 2024 இறுதியில் இருந்து துபாய் இந்த விஷயத்தில் கறார் காட்டுகிறது. கேம்ப்பிலோ பெட் ஸ்பேஸிலோ இருப்பவர் குடும்பத்தை அங்கே தங்கவைக்க முடியாது. எனவே அறை வாடகையையும் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும்.

பத்தாம் வகுப்பு முடிக்காத மனைவியின் பாஸ்போர்ட் ‘இசிஆர்’ வகையாக இருக்கலாம். பயப்பட வேண்டாம். அந்த அனுமதி வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான், சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்குத் தேவையில்லை.

செலவுக்கு ‘சர்வீஸ் பணம்’ இருக்கே?

இந்த நினைப்பில்தான் சிக்கல். பணிக்கொடையை மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணக்கிட மாட்டார்கள், அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு 30 நாள் சம்பளம்.

உதாரணமாக, அடிப்படைச் சம்பளம் 1,500 திர்ஹாம், 12 ஆண்டு வேலை என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் சம்பளம் 50 திர்ஹாம். முதல் 5 ஆண்டுக்கு 105 நாள், அடுத்த 7 ஆண்டுக்கு 210 நாள், ஆக 315 நாள். கிடைப்பது 15,750 திர்ஹாம். 12 வருஷ உழைப்புக்கு அவ்வளவுதான்! ஊரில் கடை போடவோ, வீட்டு வேலையை முடிக்கவோ இருக்கிற முதல் அதுதான்.

அதுவும் வேலை முடிந்த பிறகே, 14 நாளுக்குள் தரவேண்டும் என்பது சட்டம். டிரிப்போ அதற்கு முன்பே முடிந்துவிடும். ஆகவே டிரிப்புக்கான பணத்தைத் தனியாகச் சேர்ப்பதே பாதுகாப்பு. கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு பாக்கியோடு கிளம்ப நினைத்தால், வழக்காகிப் பயணத் தடை வரைக்கும் போகலாம்.

நகை வாங்கி வரலாமா?

வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் வசித்துவிட்டுத் திரும்பும் ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் வரை நகைக்குச் சுங்கச் சலுகை உண்டு. ‘வீட்டுக்காரம்மா கழுத்துல போட்டு வந்துட்டா 40 கிராம் ஃப்ரீ’ என்பது தவறான கணக்கு. ஒரு மாதம் சுற்றிப் பார்த்துவிட்டு வருபவருக்கு இந்தச் சலுகை கிடையாது. ஊரில் இருந்து போட்டுப் போகும் நகை அதிகம் என்றால், புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால் திரும்பும்போது கேள்வி வராது.

ஊர் திரும்பிய பிறகு?

வங்கிக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். நிரந்தரமாகத் திரும்பியவர் என்ஆர்இ கணக்கை அப்படியே வைத்திருக்க முடியாது. அதை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும், அல்லது பணத்தை ஆர்எஃப்சி கணக்குக்குக் கொண்டு போகலாம். என்ஆர்இ வட்டிக்கு இருந்த வரிச் சலுகையும் அதோடு முடிகிறது.

எதைக் காட்டுவது?

828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபாவைக் கீழே நின்று பார்க்கக் காசு வேண்டாம். தேராவில் இருந்து பர் துபாய்க்கு ஓடையைக் கடக்கும் அப்ரா படகுக்கு ஒரு திர்ஹாம் போதும். ஆனால், பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டிய இடம் வேறு. அப்பா வேலை பார்த்த கடை, நின்று பஸ் ஏறிய ஸ்டாப், வெள்ளிக்கிழமை சாப்பிட்ட மெஸ். ஊரில் கட்டிய வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கு அப்போது புரியும்.