நிழல்வலை நாற்றுக்குடில் (குளச்சல் வட்டாரம்)

நிழல்வலை நாற்றுக்குடில் என்பது காய்கறி விதைகளை முளைக்கவைத்து, நடவுக்குரிய வயது வரும்வரை வெயில், மழை, பூச்சி ஆகியவற்றிலிருந்து நாற்றுகளைக் காப்பதற்காக வீட்டு முற்றத்திலோ மொட்டைமாடியிலோ அமைக்கப்படும் சிறு கூடாரம் ஆகும். குளிர்நாடுகளில் பசுமைக்குடில் வெப்பத்தை உள்ளே தேக்கிவைப்பதற்காகக் கட்டப்படுகிறது. கன்னியாகுமரி மாவட்டம், கல்குளம் வட்டத்திலுள்ள குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் இரவிலும் குளிர் குறைவு. பிளாத்திக் தாளால் முழுதும் மூடிய குடில் பகலில் நாற்றுகளை வாட்டிவிடும். எனவே இங்கு வெப்பத்தை வெளியேற்றி, காற்றை உள்ளே விட்டு, பூச்சியை மட்டும் தடுக்கும் குடிலே தேவைப்படுகிறது.

வட்டாரச் சூழல்

கன்னியாகுமரி மாவட்டம் சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையையும் பெறுகிறது. அரபிக்கடலை ஒட்டியிருப்பதால் குளச்சலில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் மிகுந்திருக்கும். இச்சூழலில் நாற்றுக்கு இரு பருவங்களில் இரு வேறு இடர்கள் வருகின்றன. மழைமாதங்களில் பூஞ்சை நோய்களும், மழை ஓய்ந்த சனவரிக்குப் பிந்தைய மாதங்களில் வெள்ளை ஈ, இலைப்பேன் போன்ற சாறுண்ணிப் பூச்சிகளும் பெருகுகின்றன.

பெரும்பாலான வீட்டு விளைகளில் தென்னை நிற்பதால் நிழலும் ஒரு சிக்கலாகிறது. தென்னையின் அடியில் 50 விழுக்காட்டு நிழல்வலையையும் கட்டினால் ஒளி போதாமல் நாற்றுகள் வெளிறி, தண்டு நீண்டு, நடும்போது சாய்ந்துவிடும். காலை வெயில் நேராக விழும் இடமே குடிலுக்கு ஏற்றது.

நிழல்வலையும் பூச்சித்தடுப்பு வலையும்

கடைகளில் கிடைக்கும் பச்சை நிற நிழல்வலை ஒளியைக் குறைக்குமே தவிர, பூச்சியைத் தடுக்காது. அதன் கண்கள் வெள்ளை ஈ எளிதாக நுழையும் அளவுக்குப் பெரியவை. வெள்ளை ஈ ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமே உடையது. இதைத் தடுக்க ஓர் அங்குலத்துக்கு 40 முதல் 50 கண்கள் கொண்ட வெள்ளைநிறப் பூச்சித்தடுப்பு வலை வேண்டும். இலைப்பேன் இவ்வலையிலும் ஓரளவு நுழைந்துவிடும்.

எனவே வீட்டுக்குடிலில் பக்கச்சுவர்கள் நான்கும் பூச்சித்தடுப்பு வலையாலும், மேற்புறம் மழைநீர் வழிந்தோடும் வகையில் சரிவாகக் கட்டிய ஒளிபுகும் பாலித்தீன் தாளாலும் அமைவது நல்லது. கோடையில் தாளுக்கு மேல் நிழல்வலையை விரிக்கலாம். கண்கள் சிறுத்த வலையில் காற்றோட்டம் குறையும் என்பதால் குடிலின் உயரம் தாழ்ந்திருக்கக்கூடாது. கதவு வழியே பூச்சி நுழையாதிருக்க, வலைத்துணியை இரண்டு அடுக்காகத் தொங்கவிடுவதுண்டு.

கடற்காற்றில் இரும்புக் குழாய்கள் விரைவில் துருப்பிடிக்கும். துத்தநாகப் பூச்சுள்ள குழாய், பி.வி.சி. குழாய், மூங்கில் ஆகியவை பயன்படுகின்றன. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயல் இம்மாவட்டத்தில் வாழை, இரப்பர், தென்னை மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. மொட்டைமாடிக் குடில்களை இழுத்துக் கட்டுவதும், புயல் எச்சரிக்கையின்போது மேல்தாளைக் கழற்றும் வகையில் அமைப்பதும் அவசியம்.

வளர்ப்பூடகம்

குழித்தட்டுகளில் மண்ணுக்குப் பதில் தென்னைநார்க் கழிவு நிரப்பப்படுகிறது. இது எடை குறைந்தது, நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆனால் கடலோரங்களில் கதம்பையை உப்புநீரில் ஊறப்போட்டு நார் பிரித்த பின் எஞ்சும் கழிவில் உப்பு மிகுந்திருக்கும். அத்தகைய ஊடகத்தில் முளைப்பு குறையும், இலை நுனிகள் கருகும். நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். கடற்கரையை ஒட்டிய கிணறுகளில் நீர் உவர்ப்பாக இருந்தால் மழைநீரைச் சேமித்து நாற்றுக்குப் பயன்படுத்தலாம்.

மக்காத நார்க்கழிவில் கரிமம், நைட்ரசன் ஆகியவற்றின் விகிதம் 100:1க்கும் மேல் இருப்பதால் நாற்றுக்கு நைட்ரசன் கிடைப்பதில்லை. மக்கிய நார்க்கழிவுடன் மண்புழு உரத்தைச் சேர்ப்பது இக்குறையைப் போக்கும்.

விதைப்புக் காலம்

தக்காளி நாற்று ஏறத்தாழ 25 நாட்களிலும், வழுதலங்காய் எனப்படும் கத்தரி 30 முதல் 35 நாட்களிலும், மிளகாய் 35 முதல் 40 நாட்களிலும் நடவுக்கு ஆயத்தமாகும். டிசம்பர் இறுதியில் மழை குறைந்ததும் நடவு செய்ய, மிளகாயை நவம்பர் நடுவிலும் தக்காளியை டிசம்பர் தொடக்கத்திலும் விதைக்க வேண்டும். வெண்டை, அவரை, பயறு ஆகியவை நேரடியாக விதைக்கப்படுவதால் அவற்றுக்கு நாற்றுக்குடில் தேவையில்லை. பாகல், புடலை போன்ற கொடிகளைச் சிறு பைகளில் முளைக்கவைத்து 15 நாட்களில் நடலாம்.

நாற்றழுகல் நோய்

மழைக்கால நாற்றுகளின் முதன்மை எதிரி பித்தியம் என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிரியாகும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர் கோத்து மெலிந்து, நாற்று ஒரே இரவில் சாயும். தட்டின் ஒரு மூலையில் தொடங்கி வட்டமாகப் பரவும். சாய்ந்த நாற்றை மீட்க இயலாது என்பதால் தடுப்பே வழி.

ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் புளூரசன்ஸ் 10 கிராம் என்ற அளவில் விதைநேர்த்தி செய்யப்படுகிறது. வீட்டு அளவிலான சிறு விதைப்பொதிக்கு ஒரு சிட்டிகை போதும். குழிக்கு ஒரு விதை இட்டு, காலையில் மட்டும் நீர் தெளிக்க வேண்டும். மாலையில் தெளித்த நீர் இரவு முழுதும் இலையில் தங்கி நோய்க்கு வழிவகுக்கும். தட்டுகளைத் தரையில் வைக்காமல் மேடையில் வைத்தால் நீர் வடிவதோடு நத்தைகளின் தொல்லையும் குறையும்.

வெள்ளை ஈயும் இலைச்சுருட்டு நோயும்

பெமிசியா டபாசி என்னும் வெள்ளை ஈ சாற்றை உறிஞ்சுவதைவிட, தக்காளி, மிளகாய் ஆகியவற்றின் இலைச்சுருட்டு வைரசைப் பரப்புவதாலேயே பெருங்கேடு விளைவிக்கிறது. வைரசு தொற்றிய செடியைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. நாற்றுப்பருவத்தில் தொற்றினால் செடி குட்டையாகி, காய்ப்பே இல்லாமல் போகலாம். பல காய்ப்புகள் முடிந்த பின் தொற்றினால் இழப்பு மிகக் குறைவு. ஆகவே முதல் 25 முதல் 40 நாட்களுக்கு வெள்ளை ஈ அண்டாமல் காப்பதே நாற்றுக்குடிலின் முதன்மைப் பயனாகும்.

விளக்கெண்ணெய் பூசிய மஞ்சள் அட்டையைக் குடிலுக்குள் தொங்கவிட்டால் வெள்ளை ஈயின் வரவை முன்கூட்டியே அறியலாம். இலைப்பேனை நீலநிற அட்டை ஈர்க்கும். இலைகளின் அடிப்பக்கத்தை வாரம் இருமுறை பார்க்க வேண்டும். பூச்சி தென்பட்டால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயைச் சிறிது சவர்க்காரக் கரைசலுடன் கலந்து, வெயில் தாழ்ந்த நேரத்தில், மழையும் மூட்டமும் இல்லாத நாளில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கலாம். இளநாற்று கருகக்கூடும் என்பதால் முதலில் சில நாற்றுகளில் தெளித்துப் பார்ப்பது நல்லது. சுருண்ட இலையுள்ள நாற்றைப் பிடுங்கி அழித்துவிட வேண்டும்.

தென்னையில் காணப்படும் சுருள் வெள்ளை ஈ வேறு இனமாகும். இது 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இதன் தேன்போன்ற கழிவு கீழே விழும் இடங்களில் கரும்பூஞ்சை படர்வதால், தென்னையின் கீழ் நாற்றுத்தட்டு வைப்பதைத் தவிர்க்க இதுவும் ஒரு காரணமாகும்.

இயற்கை எதிரிகள்

பூச்சித்தடுப்பு வலை பொறிவண்டு, ஒட்டுண்ணிக் குளவி முதலிய நன்மை செய்யும் பூச்சிகளையும் தடுத்துவிடும். எனவே கிழிந்த வலை வழியாகவோ வெளியிலிருந்து கொண்டுவந்த தொட்டிச்செடி மூலமாகவோ ஒரு சில பூச்சிகள் உள்ளே வந்துவிட்டால், எதிரியின்றித் திறந்த வெளியைவிட வேகமாகப் பெருகும். புதிய செடிகளை நாற்றுக்குடிலுக்குள் வைக்கக்கூடாது என்பதன் காரணம் இதுவே.

திறந்தவெளியில் இயற்கை எதிரிகளின் ஆற்றல் பெரிது. 1920களில் இங்கிலாந்தின் செசன்ட் ஆராய்ச்சி நிலையத்தில் என்கார்சியா ஃபார்மோசா என்னும் சிறு குளவி, கண்ணாடிக்குடில் வெள்ளை ஈக்கு எதிராக வளர்த்து வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, 2010இல் கொண்டுவரப்பட்ட அசெரோபேகஸ் பப்பாயே என்னும் ஒட்டுண்ணியால் கட்டுக்குள் வந்தது. விளையில் நஞ்சு தெளிக்காதிருப்பதே இத்தகைய பூச்சிகளைக் காக்கும் வழி.

கடினப்படுத்தலும் நடவும்

நடவுக்கு முந்தைய ஒரு வாரத்தில் நீரைச் சற்றுக் குறைத்து, மேல் நிழல்வலையை நாள்தோறும் சிறிது நேரம் விலக்கி நாற்றுகள் வெயிலுக்குப் பழக்கப்படுத்தப்படுகின்றன. பக்கவலையை இக்காலத்தில் திறக்கக்கூடாது. பல நாள் காத்த நாற்றில் கடைசி வாரத்தில் வைரசு தொற்றிவிடலாம். நடவு மாலையில் செய்யப்படுகிறது. பயன்படுத்திய குழித்தட்டுகளைக் கழுவி வெயிலில் காயவைத்த பின்னரே அடுத்த விதைப்புக்கு எடுக்க வேண்டும்.

இம்மாவட்டத்தில் பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், திருப்பதிசாரத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின்கீழ் இயங்குகின்றன.