ஆவடியில் போட்ட தீர்மானம் பரளச்சிக்கு வந்ததா?

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்.

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, திருச்சுழி வட்டாரத்தில் பரளச்சி என்று ஓர் ஊர். சுற்றிலும் மானாவாரி நிலம். மழை பெய்தால் பருத்தி, சோளம், கம்பு, மல்லி, மிளகாய். பெய்யாவிட்டால் வெடித்துக் கிடக்கும் மண்.

மாலை நேரம். திண்ணையில் தாத்தா உட்கார்ந்திருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பக்கத்தில் பேரன், பள்ளிக்கூடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உரக்கப் படிக்கிறான். அரசியல் சட்டத்தின் முகவுரை. "சமதர்ம" என்ற சொல் வந்ததும் நின்றுவிடுகிறான்.

"தாத்தா, சமதர்மம்னா என்ன?"

தாத்தா சிரிக்கிறார். "அது எனக்குப் பத்து வயசுல கேட்ட சொல்லுய்யா. ஆவடியில மாநாடு நடந்தப்பவே கேட்டாச்சு. ஊருக்கு வந்துச்சான்னுதான் இன்னும் பார்த்துக்கிட்டு இருக்கேன்!"

இந்தத் தாத்தாவும் பேரனும் நமது கற்பனை. ஆனால் கேள்வி கற்பனை அல்ல. ஆவடியில் என்ன நடந்தது? அது பரளச்சி போன்ற ஊருக்கு வந்ததா? பார்ப்போம்.

பொங்கல் முடிந்தது; மாநாடு கூடியது

1955-ம் ஆண்டு ஜனவரி மாதம். பொங்கல் முடிந்த கையோடு, சென்னைக்கு அருகில் உள்ள ஆவடியில் காங்கிரஸ் மகாசபையின் 60-வது மாநாடு கூடியது.

மாநாட்டுத் திடலுக்கு "சத்தியமூர்த்தி நகர்" என்று பெயர். தீரர் சத்தியமூர்த்தி 1943-ல் காலமானவர். காமராஜருக்கு அரசியலில் வழிகாட்டி. குருவின் பெயரால் நகர் அமைந்தபோது, சீடர் சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராக இருந்தார்! 1954 ஏப்ரல் மாதம்தான் அவர் அந்தப் பதவிக்கு வந்திருந்தார்.

காமராஜர் யார்? பரளச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து ஊரான விருதுநகரில் 1903-ல் பிறந்தவர். சிறு வயதில் தந்தையை இழந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அதே கரிசல் சீமை, அதே வெயில்!

1951 முதல் ஜவஹர்லால் நேருவே பிரதமராகவும் இருந்தார். காங்கிரஸ் தலைவராகவும் இருந்தார். ஆவடியில் தலைமைப் பதவி சௌராஷ்டிரத்தைச் சேர்ந்த உ. ந. தேபரிடம் வந்தது.

சென்னைக்குக் காங்கிரஸ் மாநாடு புதிதல்ல. 1887-ல் மூன்றாவது மாநாடு சென்னையில்தான் நடந்தது. 1927-ல் நடந்த மாநாட்டில், நாட்டின் குறிக்கோள் முழு விடுதலை என்று தீர்மானம் போட்டார்கள். அவை அரசாங்கத்தை எதிர்த்து நின்ற கட்சியின் மாநாடுகள். ஆவடியில் கூடியதோ ஆளுங்கட்சி. கேட்கிற கையே கொடுக்கிற கையாகவும் ஆகிவிட்டது. ஆகவே அங்கே சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லுக்கும் கனம் கூடியது.

தீர்மானம் என்ன சொன்னது?

ஆவடித் தீர்மானத்தின் சாரம் இதுதான்: நாட்டின் திட்டங்கள் எல்லாம் "சோஷலிச மாதிரி" சமுதாயத்தை அமைக்கும் நோக்கத்தோடு தீட்டப்பட வேண்டும்.

"சோஷலிச மாதிரி" என்றால் என்ன? மூன்று விஷயங்கள்.

ஒன்று: பொருள் உற்பத்திக்கான முக்கிய சாதனங்கள் சமுதாயத்தின் உடைமையாகவோ, அதன் கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும்.

இரண்டு: உற்பத்தி மேலும் மேலும் வேகமாகப் பெருக வேண்டும்.

மூன்று: நாட்டின் செல்வம் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும்.

குடும்பத்துக்குப் பொருத்திப் பாருங்கள், எளிதாக விளங்கும். அடுப்பு பொதுவாக இருக்க வேண்டும். பானையில் சோறு நிறைய வேகவேண்டும். பரிமாறும்போது ஒரு பிள்ளைக்கு நிறைய, இன்னொரு பிள்ளைக்குக் கொஞ்சம் என்று இருக்கக் கூடாது. அவ்வளவுதான்!

இது திடீரென்று பிறந்த யோசனை அல்ல. ஒரு மாதம் முன்பு, 1954 டிசம்பரில், நாடாளுமன்ற மக்களவையும் இதே குறிக்கோளை ஏற்றிருந்தது.

கட்சி வேறு, சர்க்கார் வேறு

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு கட்சி மாநாட்டில் கை தூக்கி நிறைவேற்றிய தீர்மானம் சட்டம் ஆகிவிடாது. அதைக் காட்டி எந்த அதிகாரியிடமும் ஒரு மூட்டை விதை வாங்க முடியாது!

தீர்மானம் முதலில் ஐந்தாண்டுத் திட்டத்துக்குள் போகவேண்டும். பிறகு சட்டமாக வேண்டும். பிறகு வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்க வேண்டும். அந்தப் பணம் டில்லியிலிருந்து சென்னைக்கு வந்து, சென்னையிலிருந்து மாவட்டத்துக்கு வந்து, கடைசியில் ஊருக்கு வரவேண்டும். வாய்க்காலில் வரும் தண்ணீர் மாதிரிதான். தலைமடைக்கு முதலில் பாயும். கடைமடைக்கு மிச்சம் இருந்தால் உண்டு.

பரளச்சி கடைமடை.

தலைமடையில் பாய்ந்தது

தலைமடையில் வேலை மளமளவென்று நடந்தது.

1955 ஜூலை 1-ந் தேதி இம்பீரியல் வங்கி, ஸ்டேட் வங்கி ஆயிற்று. சிற்றூர்ப் பக்கங்களிலும் கிளைகள் திறப்பது அதன் கடமைகளில் ஒன்று என்றார்கள்.

1956 ஏப்ரலில் புதிய தொழிற்கொள்கை வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி 245 இன்ஷூரன்ஸ் நிறுவனங்களின் ஆயுள் காப்பீட்டு வேலை ஒன்றாக்கப்பட்டு, ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் பிறந்தது.

1956 முதல் 1961 வரை இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம். பிலாய், ரூர்கேலா, துர்க்காப்பூர் ஆகிய இடங்களில் பெரிய உருக்காலைகள் எழுந்தன. தமிழ்நாட்டில் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி, பிறகு திருச்சியில் கொதிகலன் தொழிற்சாலை. ஆவடியிலேயே 1960-களில் ராணுவ டாங்கித் தொழிற்சாலை வந்தது. மாநாடு நடந்த ஊருக்குக் குறை இல்லை!

எல்லோரும் கை தட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். 1959-ல் நாகபுரி மாநாட்டில் காங்கிரஸ் கூட்டுறவு விவசாயம் பற்றித் தீர்மானம் போட்டது. "சர்க்கார் எல்லாவற்றிலும் கை வைத்தால் மனிதனின் உரிமை என்ன ஆவது?" என்ற கேள்வி எழுந்தது. ராஜாஜி அதே ஆண்டில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். இன்னொரு பக்கம், "சோஷலிசம் என்று சொல்லிவிட்டு 'மாதிரி' என்று ஏன் இழுக்கிறீர்கள்?" என்று இடதுசாரிகள் கேட்டார்கள்.

உருக்காலை வந்தது. ஆனால் பானையில் அரிசி? 1956 ஆகஸ்டில் அமெரிக்காவிலிருந்து தானியம் வாங்க ஒப்பந்தம் போடவேண்டி வந்தது. இரும்புக்குக் காட்டிய அவசரம் ஏருக்குக் காட்டப்படவில்லை என்று குறை சொன்னவர்கள் பலர்.

கடைமடைக்கு வந்த முதல் தண்ணீர்

இப்போது ஊருக்கு வருவோம். ஆவடித் தீர்மானத்தின் மூன்றாவது விஷயம் நியாயமான பங்கு. அதுதான் கரிசல் சீமைக்கு முதலில் வந்து சேர்ந்தது. எந்த வடிவத்தில்? சோறு வடிவத்தில்!

காமராஜர் ஆட்சியில் மூடிக்கிடந்த பள்ளிகள் திறக்கப்பட்டன. பள்ளி இல்லாத ஊர்களுக்குப் புதிய பள்ளிகள் வந்தன. ஆனால் பசித்த பிள்ளை பள்ளிக்கு வருமா? மாடு மேய்த்தால் ஒரு வேளைக் கூழாவது கிடைக்கும். பாடம் படித்தால் என்ன கிடைக்கும்?

1956-ல் மதிய உணவுத் திட்டம் வந்தது. சர்க்கார் ஒரு பங்கு கொடுத்தது. ஊர்க்காரர்கள் ஒரு பங்கு கொடுத்தார்கள். ஒரு வீட்டார் கேழ்வரகும், இன்னொரு வீட்டார் விறகும் கொடுத்த பள்ளிகள் உண்டு. பொது அடுப்பு என்ற பேச்சு மேடையை விட்டு இறங்கி, பள்ளிக்கூட மரத்தடிக்கு வந்தது.

பின்னர் நடந்ததையும் சொல்லவேண்டும். 1977-ல் இதே அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதலமைச்சர் ஆனவர் எம்.ஜி.ஆர். அவர் 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டமாக அதை விரிவாக்கினார். 2022 செப்டம்பரில் மு. க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கட்சிகள் மாறின. கொடிகள் மாறின. ஆனால் பிள்ளையின் தட்டை மட்டும் யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

நிலம் என்ன ஆயிற்று?

அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தின் பெரும்பகுதி ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களுக்கு உட்பட்டது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. வரி வாங்கியவர் போனார். சர்க்காரின் தாசில்தார் வந்தார்.

1961-ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர்தான் என்றது. 1970-ல் அது 15 ஆகக் குறைந்தது.

"ஸ்டாண்டர்டு ஏக்கர்" என்பது நிலத்தின் தரத்தை வைத்துப் போடும் கணக்கு. நன்செய் என்றால் ஓர் அளவு. மானாவாரி என்றால் அதைவிடப் பல மடங்கு. ஆகவே வறண்ட சீமையில் உச்சவரம்பு மிக உயரத்தில் நின்றது. நிலத்தை உறவினர் பெயருக்கு மாற்றி எழுதியவர்களும் பல இடங்களில் உண்டு. சட்டத்தில் கதவு இருந்தது. கதவில் ஓட்டையும் இருந்தது.

அப்படியே நிலம் கிடைத்தாலும், தண்ணீர் இல்லாத நிலம் பசுமாட்டின் படம் போன்றது. பார்க்கலாம், பால் கறக்க முடியாது.

கண்மாய் யாருடையது?

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது.

ஆவடியில் "உற்பத்திச் சாதனம்" என்றபோது தலைவர்களின் மனக்கண்ணில் உருக்காலையும் மின்சார நிலையமும் தெரிந்திருக்கும். பரளச்சிச் சீமையில் உற்பத்திச் சாதனம் எது? கண்மாய்!

கண்மாய் இருந்தால் நெல். கண்மாய் இருந்தால் மாட்டுக்குத் தண்ணீர். கண்மாய் நிறைந்தால் கிணறு ஊறும். அது எவருடைய தனிச் சொத்தும் அல்ல. ஆவடி மாநாட்டுக்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே அது ஊர்ப் பொது. கரையைக் கட்டியதும், தூர் எடுத்ததும், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சியதும் ஊர்க் கைகள். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். அந்தப் பொதுவிலும் எல்லோருக்கும் சம உரிமை இருந்தது என்று சொல்ல முடியாது. நிலம் உள்ளவனுக்குத் தண்ணீர். நிலம் இல்லாதவனுக்கு மண் சுமக்கும் வேலை. அது பழைய குறை.

ஜமீன் போனபின் கண்மாய்கள் அரசின் பொறுப்புக்கு வந்தன. பெரியவை பொதுப்பணித் துறைக்கு. சிறியவை பஞ்சாயத்து யூனியனுக்கு. ஊர்ப் பொது, சர்க்கார் பொது ஆயிற்று. தீர்மானத்தின் கணக்கில் இது முன்னேற்றம்தான். ஆனால் "இனி சர்க்கார் பார்த்துக்கொள்ளும்" என்று ஊர் கையைக் கழுவியது. "பணம் வரட்டும்" என்று சர்க்கார் காத்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் பல கண்மாய்களில் தூர் ஏறியது. சீமைக் கருவேல மரம் புகுந்தது. நெல் விளைந்த இடத்தில் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடும் பிழைப்பு வந்தது.

எல்லோருக்கும் சொந்தமான பொருளை எல்லோரும் பார்த்துக்கொள்ளாவிட்டால், அது யாருக்கும் சொந்தமில்லாத பொருள் ஆகிவிடும். ஆவடியிலிருந்து கரிசல் காடு கற்ற பாடம் இது.

காவிரி, வைகை, குண்டாறு ஆகியவற்றை இணைக்கும் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. திருச்சுழி வழியாக ஓடுவது அந்தக் குண்டாறுதான். மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் காணும் ஆறு. அதன் பக்கத்து மக்கள் வடக்கே பார்த்தபடி இருக்கிறார்கள்.

சொல் எங்கே போயிற்று?

1964 ஜனவரியில் புவனேசுவரத்தில் காங்கிரஸ் மாநாடு கூடியது. தலைவர் யார் தெரியுமா? விருதுநகர்க் காமராஜர்! "ஜனநாயக சோஷலிசம்" என்று அங்கே குறிக்கோளை இன்னும் தெளிவாகச் சொன்னார்கள். நேரு அங்கேயே நோயுற்றார். அந்த ஆண்டு மே 27-ந் தேதி மறைந்தார்.

1967 தேர்தலில் சென்னை ராஜ்யத்தில் காங்கிரஸ் தோற்றது. காமராஜரும் தம் சொந்த விருதுநகரில் தோற்றார். அரிசித் தட்டுப்பாடு தோல்விக்கு ஒரு முக்கிய காரணம் என்பார்கள். பானை நிறையவேண்டும் என்ற இரண்டாவது விஷயம் அங்கே கணக்குக் கேட்டுவிட்டது.

1969 ஜூலையில் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1975 அக்டோபர் 2-ந் தேதி காமராஜர் காலமானார். 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் "சமதர்ம" என்ற சொல் அரசியல் சட்டத்தின் முகவுரையில் ஏறியது. 1991-ல் நாடு வேறு பாதையில் திரும்பியது. தனியார் தொழிலுக்குக் கதவு அகலமாகத் திறந்தது. பாதை மாறினாலும் சொல் மட்டும் முகவுரையில் அப்படியே இருக்கிறது. பேரன் படித்தது அந்தச் சொல்லைத்தான்.

திண்ணைக்குத் திரும்புவோம்

தாத்தா என்ன பதில் சொல்வார்? நமக்குத் தோன்றுவது இது.

"வந்துச்சுய்யா. பாதி வந்துச்சு. நான் மாடு மேய்ச்சேன். நீ புத்தகம் படிக்கிற. அது வந்த பாதி. கண்மாயில தண்ணி இல்ல. உங்கப்பன் பிழைப்புக்கு வெளியூர் போயிருக்கான். அது வராத பாதி."

"வராத பாதி எப்ப வரும் தாத்தா?"

"அது தானா வராதுய்யா. மாநாட்டுல கை தூக்குறது ஒரு நாள் வேலை. கண்மாயில மண்வெட்டி தூக்குறது வருஷா வருஷம் செய்ற வேலை. ரெண்டும் சேரணும்."

பேரன் புத்தகத்தை மூடுகிறான். அடுத்த மழைக்கு முன் கண்மாய்க் கரையைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று இருவரும் பேசிக்கொள்கிறார்கள்.