மாரடைப்புக்குப் பின் வரும் ஆண்டுகள்

நெஞ்சுவலி கண்டு திருச்சிக்குக் கொண்டு செல்லப்பட்ட குடும்பத் தலைவர் சில நாள்களில் வீடு திரும்புகிறார். சுற்றமும் அயலாரும் கூடி, "கண்டம் கழிந்தது" என்று ஆறுதல் கொள்கின்றனர். பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சிற்றூர்களில் நாம் அடிக்கடி காணும் காட்சி இது. ஆனால், கண்டம் உண்மையில் கழிந்துவிட்டதா?

மாரடைப்பு ஒருநாள் நிகழ்ச்சி. அதற்குக் காரணமான இரத்தக் குழாய் நோயோ வாழ்நாள் நோய். ஸ்டென்ட் எனும் வலைக்குழாய் அடைபட்ட ஓரிடத்தைத் திறக்கிறது. பிற இடங்களில் படிந்த கொழுப்பு அங்கேயே இருக்கிறது.

தமிழகத்தில் 2012 முதல் 2014 வரை, கடும் மாரடைப்புக்கு ஆளான 2,420 பேரிடம் ஓர் ஆய்வு நடைபெற்றது. சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்து, நோயாளியை விரைந்து அனுப்ப வழி செய்ததும், ஓராண்டுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 17.6 என்பதிலிருந்து 14.2 ஆகக் குறைந்தனர். விரைவு உயிர் காக்கிறது என்பது முதற்பாடம். அவ்விறப்புகளுள் பல வீடு திரும்பிய பின்னரே நேர்ந்தன என்பது இரண்டாவது பாடம்.

எனினும் மனந்தளர வேண்டுவதில்லை. 1977-இல் சூரிச் நகரில், பலூன் முறையால் இதயக் குழாய் அடைப்பு நீக்கப்பெற்ற முதல் மனிதருக்கு வயது 38. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் நலமாயிருந்தார்.

நீண்ட வாழ்வை முடிவு செய்பவை எவை? இதயத் தசை எவ்வளவு பழுதுற்றது என்பது ஒன்று. அது நம் கையில் இல்லை. மற்றவை பெரும்பாலும் நம் கையில் உள்ளன. புகைப்பதை விட்டவருக்கு இறப்பின் அபாயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அடங்கியிருக்க வேண்டும். ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் பொதுவாக வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டியவை. ஸ்டென்ட் பொருத்தியபின் தரப்படும் இரண்டாவது உறைவுத்தடுப்பு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தினால், ஸ்டென்ட்டுக்குள்ளேயே இரத்தம் உறையக்கூடும்.

ஆனால் நடப்பதென்ன? வலி இல்லை, எனவே நோயும் இல்லை என எண்ணுகிறோம். வெங்காய அறுவடையும் பருத்தி எடுப்பும் நெருங்கிவிட்டால் மாத்திரை மறந்துபோகிறது, மறுபரிசோதனை தள்ளிப்போகிறது.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்தது. 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைக்கப்பட்டன. ஆயினும், வந்த மாத்திரையை நாள்தோறும் எடுத்துக்கொடுக்க இல்லத்தில் ஒருவர் வேண்டுமன்றோ? மனைவியோ மகனோ மகளோ, யாரேனும் ஒருவர் அப்பொறுப்பை ஏற்கட்டும். மருத்துவமனை மீட்டுத் தந்த உயிரைப் பல்லாண்டு காப்பது குடும்பத்தின் கடமை.