ஆடும் விழிகள்: ஆசிரியரும் உஸ்தாதும் அறிய வேண்டியவை

கண் துடித்தால் நல்லது நடக்கும் என்போமே, அது இமையின் துடிப்பு, தானாக நின்றுவிடும். நிஸ்டாக்மஸ் வேறு. இதில் கருவிழியே இடமும் வலமுமாகவோ மேலும் கீழுமாகவோ ஓயாமல் ஆடும். பெரும்பாலும் குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே தெரிந்துவிடும்.

இப்படி வளரும் பிள்ளைகளுக்கு உலகம் ஆடுவதாகத் தோன்றாது. பார்வைத் தெளிவுதான் குறையும். கண்ணாடி போட்டாலும் முழுதும் சரியாகாது. பலருக்குத் தலையை ஒரு பக்கம் திருப்பினாலோ சாய்த்தாலோ ஆட்டம் அடங்கி எழுத்து தெளியும். வகுப்பில் வம்பு இங்கேதான் தொடங்குகிறது. ‘நேராக உட்கார், என்னைப் பார்த்துப் பேசு’ என்று அதட்டினால், அந்தப் பிள்ளைக்கு இருக்கும் கொஞ்சநஞ்சப் பார்வையையும் பறிக்கிறோம். பதற்றமும் களைப்பும் ஆட்டத்தைக் கூட்டும். காலையில் வாசித்த வரி மாலையில் பிடிபடாமல் போகலாம். அது நடிப்பல்ல.

கண் பரிசோதிப்பவருக்கும் இதில் தனிப் பயிற்சி வேண்டும். ஒரு கண்ணை மறைத்தால் சிலருக்கு ஆட்டம் அதிகமாகும்; இரு கண்ணும் திறந்த நிலையில், பிள்ளை விரும்பும் தலைச்சாய்வோடும் அளந்தால்தான் அன்றாடப் பார்வை தெரியும். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைச் சேர்த்து இரண்டாண்டு பயிற்சி தந்து கண் பரிசோதனைப் பணிக்கு ஆளாக்குகிறது. இவ்வளவு பக்கத்தில் இருக்கும் அறிவு நம் வகுப்பறைக்கும் மத்ரஸாவுக்கும் வர வேண்டும் என்பதே நம் ஆதங்கம்.

ஓதும் பிள்ளைக்கு ஸபர், ஸேர் குறிகள்தான் முதலில் தவறும். பெரிய எழுத்துப் பிரதி கொடுங்கள். இருவருக்கு ஒரு கிதாபு வேண்டாம். முகத்தருகே வைத்து ஓதினால் கண் கெட்டுவிடாது. எந்தப் பக்கம் உட்கார்ந்தால் தெரிகிறது என்று பிள்ளையையே கேளுங்கள். அல்பினிசம் என்ற வெண்தோல் நிலை உள்ளவர்களுக்கு விழி ஆட்டத்தோடு வெளிச்சக் கூச்சமும் இருக்கும். ஜன்னலைப் பார்த்து உட்கார வைக்காதீர்கள்.

எல்லாருக்கும் ஊனச் சான்றிதழ் கிடைக்காது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று அரசு மருத்துவர்கள் சான்றளித்தால், தேர்வில் கூடுதல் நேரம் கோரலாம். பரீட்சை நெருங்கும்வரை காத்திராமல் ஆண்டுத் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் பேசுங்கள்.

ஒன்று மட்டும் அவசரம். பெரியவர்களுக்குத் திடீரென விழி ஆடத் தொடங்கி, பார்ப்பதெல்லாம் குலுங்கினால், அது மூளை, உட்காது, சில வலிப்பு மாத்திரைகள் என எதனாலும் இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.