முடிவு எழுதியாச்சு, பேச்சு யாரோடது?

ரெஸ்லிங்ல யார் ஜெயிப்பாங்கன்னு முன்னாடியே முடிவாகிடும், சரி. ஆனா மைக்ல பேசுற புரோமோவையும் டபிள்யூ.டபிள்யூ.இ. ரைட்டர்ஸ்தான் பெரும்பாலும் எழுதுறாங்க. சொதப்பினா கூட்டம் கத்துறது மைக் பிடிச்சவரைப் பார்த்துத்தான். எழுதினவர் பேர்கூட யாருக்கும் தெரியாது. 2011 ஜூன் 27 அன்னைக்கு சிஎம் பங்க் மேடையில சம்மணம் போட்டு கம்பெனியையே கிழிச்சாரே, அது இன்னும் பேசப்படுறது அவர் சொந்த வார்த்தைல பேசினதாலதான்.

எங்க புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாவுல போடுற ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்க. வள்ளி திருமணத்துல முருகன் வள்ளியைக் கட்டிக்கப் போறார்னு குழந்தைக்கும் தெரியும். நடிகர்களைத் தனித்தனியா புக் பண்றாங்க. சேர்ந்து ஒத்திகை கிடையாது. நாரதர், வள்ளி தர்க்கத்துல பாதி மேடையிலேயே பிறக்கும். யார் யாரை மடக்குறாங்கன்னு பார்க்கத்தான் ஊர் விடிய விடிய முழிச்சிருக்கு. நல்லா மடக்கினவங்களை அடுத்த ஊர்க்காரங்களும் தேடி வருவாங்க.